டீக்கால் வெள்ளியடித்து, கிளியர் பால் பூத்தால்: சிங்கப்பூர்க் காற்றில் மாடல் விமானம்

தேசிய சேவையை அண்மையில் முடித்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "1/48 அளவில் ஏ-4எஸ்யு சூப்பர் ஸ்கைஹாக் போர்விமான மாடல் கட்டினேன். சாம்பல் நிற மேட் (மினுக்கமில்லாத) பெயிண்ட் காய்ந்ததும் டீக்கால் ஒட்டினேன். ஒட்டும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் பார்த்தால் எழுத்துகளைச் சுற்றி வெள்ளித்தாள் மாதிரி மின்னுகிறது. கிளியர் அடித்தால் மறைந்துவிடும் என்று அன்றிரவே ஸ்ப்ரே கேனில் மேட் கிளியர் அடித்தேன். வெளியே நல்ல மழை. கொஞ்ச நேரத்தில் விமானம் முழுக்கப் பால் படிந்தது போல வெளுத்துவிட்டது. இதைத் தூக்கிப் போட்டுவிடுவதா?"

போட வேண்டாம் தம்பி. உங்கள் விமானத்தில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னமான டீக்காலுக்கு அடியில் காற்று மாட்டியிருக்கிறது. அதன் மேலே, நிறமற்ற பூச்சான கிளியருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் வந்தது என்று தெரியாமல் சரிசெய்யப் போனால் இருப்பதும் கெட்டுவிடும் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

மேட் பெயிண்ட் ஏன் மங்கலாகத் தெரிகிறது? அதன் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமாக இருக்கிறது; விழுகிற வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிப்போகிறது. டீக்கால் என்பது ஒளி புகும் மெல்லிய படலம். மேலே அச்சு மை, அடியில் தண்ணீரில் கரையும் கோந்து. அந்தப் படலத்தை இந்த மேடுபள்ளத்தின் மேல் வைத்தால் மேடுகளின் தலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு, பள்ளங்களுக்கு மேலே கூடாரம் போல நின்றுவிடும். ஈரம் இருக்கும்வரை பள்ளங்களில் தண்ணீர் நிறைந்திருக்கும், ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஆவியானதும் அந்த இடத்தில் காற்று. வெளிச்சம் அந்தக் காற்றில் பட்டுத் திரும்பி வருவதைத்தான் வெள்ளியடிப்பது என்கிறோம். டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் உறை போட்டவர்களுக்கு இது உடனே புரியும். காற்று போன இடத்தில் அட்டைப்படம் பளிச்சென்று தெரியும், காற்று நின்ற இடத்தில் வெண்மையாகப் பூத்திருக்கும். உறைக்கு மேலே எதைத் தடவினாலும் அந்த வெண்மை போகாது. உங்கள் கிளியரும் அதனால்தான் உதவவில்லை.

ஆகவே டீக்கால் வேலை தொடங்குவது டீக்கால் தாளில் இல்லை, அதற்கு முன் பூசும் பளபளப்புக் கிளியரில். முடிவில் விமானம் மேட்டாகத்தானே இருக்கப்போகிறது, நடுவில் எதற்குப் பளபளப்பு என்று பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். டீக்கால் படுக்க வழவழப்பான மெத்தை வேண்டும், அவ்வளவுதான். மேட்டாக்குவது பிறகு. நான் பெரும்பாலும் டாமியா எக்ஸ்-22 கிளியரில் பெயிண்டை நீர்க்க வைக்கும் மிஸ்டர் லெவலிங் தின்னரைப் பாதிக்குப் பாதி கலந்து, ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் கருவி) 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடிக்கிறேன். முதல் சுற்று வெறும் தூறல். பத்து நிமிடம் விட்டு இன்னொரு தூறல். அதன் பிறகுதான் மேற்பரப்பு ஈரமாக மின்னும் அளவுக்கு ஒரு சுற்று. காய்ந்ததும் விமானத்தை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, இறக்கையில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் விளிம்பு ஒரு கோடாகத் தெரிய வேண்டும். பஞ்சு போலக் கலைந்து தெரிகிற இடம் இருந்தால் டீக்கால் அங்கேதான் வெள்ளியடிக்கும். அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு சுற்று கொடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பேன். தின்னர் வாடை கொஞ்சம் வந்தாலும் காயவில்லை. நம் ஊரில் இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். "பதறாத காரியம் சிதறாது" என்று என் பாட்டி சொல்வார். இந்தப் பொழுதுபோக்கில் அதை நான் உணராத விமானம் கிடையாது.

அடுத்தது டீக்கால் தாள். குளிர்நாட்டில் அதை எங்கே வைத்தாலும் கெடாது போலும்; இங்கே அப்படி இல்லை. கோந்து ஈரத்தை இழுத்து இளகும், மேலே இருக்கும் மெல்லிய தாளோடு ஒட்டிக்கொள்ளும், படலம் மஞ்சளாகும். பெட்டியைத் திறந்த அன்றே டீக்காலை எடுத்து ஜிப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள். கேமராவுக்கு உலர்பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு தட்டை டீக்காலுக்கு ஒதுக்கலாம். என் வீட்டில் லென்ஸுகளும் டீக்கால்களும் ஒரே பெட்டியில்தான் குடியிருக்கின்றன. ஏற்கெனவே மஞ்சளாகிவிட்ட தாளைப் பையோடு சன்னல் கண்ணாடியில் வெயில் படுமாறு ஒட்டி வைத்தால் சில வாரங்களில் மஞ்சள் குறையும். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. பழைய தாளாக இருந்தால், தேவைப்படாத ஒரு சின்ன எண்ணை முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது துண்டுதுண்டாக உடைந்தால் மற்றவற்றை நனைக்காதீர்கள். தாள் முழுவதற்கும் மெலிதாக ஒரு லாக்கர் (வேகமாகக் காயும் கரைப்பான் வகை) கிளியர் அடித்துக் காயவிட்டால் படலம் மறுபடி ஒன்றாகிவிடும். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு டீக்காலையும் அச்சின் ஓரத்தை ஒட்டிக் கத்தரித்தெடுக்க வேண்டும்.

ஒட்டும் முறை சுருக்கமாக: வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நொடி போதும். எடுத்து டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் வையுங்கள், தாளிலிருந்து தானே நழுவ ஆரம்பிக்கும். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் கோந்து கரைந்து போய்விடும். பிறகு ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. டீக்காலைத் தாளோடு கொண்டுபோய், விமானத்தின் மேல் தாளை வைத்து, தூரிகையால் டீக்காலை மட்டும் தள்ளி இறக்க வேண்டும். இடுக்கியால் டீக்காலைத் தூக்கினால் மடங்கும்.

டீக்காலைப் படியவைக்கும் சொல்யூஷன்கள் பற்றிப் பலருக்கும் குழப்பம். மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் மைக்ரோ செட், மைக்ரோ சால் இரண்டையும் எடுத்துக்கொண்டால், செட் என்பது டீக்கால் வைப்பதற்கு முன் பரப்பில் தடவுவது. வினிகர் வாடை வரும். சால் என்பது வைத்த பிறகு மேலே தடவுவது, படலத்தையே இளக்கிவிடும். மிஸ்டர் மார்க் செட்டர், மார்க் சாஃப்டர் ஜோடியும் இதே வரிசைதான். செட்டரில் கொஞ்சம் பசையும் இருப்பதால் கோந்து போன பழைய டீக்கால்களுக்கு நான் அதையே எடுப்பேன். மென்மையான டீக்காலுக்கு மென்மையான சொல்யூஷன், தடித்த டீக்காலுக்குக் கடுமையானது. இத்தாலியின் கார்டோகிராஃப் அச்சிட்ட தாள்கள் மெல்லியவை, மைக்ரோ சாலுக்கே படிந்துவிடும். பெட்டியோடு வரும் தடித்த டீக்கால்களுக்கு, சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணித் துண்டால் மேலே மெதுவாக ஒற்றி எடுப்பது எந்தச் சொல்யூஷனையும்விட நன்றாக வேலை செய்கிறது.

ஒரே ஒரு டீக்காலை அருகில் வைத்துக் காட்டுகிறேன். ஸ்கைஹாக்கின் உடம்பில் போகும் சிங்கத்தலை வட்டம். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அன்று ஒட்டியது இது. வட்டம் விழும் இடத்தில் ஒரு பேனல் கோடு (தகடுகள் சேரும் கோடு) குறுக்கே ஓடுகிறது, உடம்பும் வளைகிறது. செட் தடவினேன், வட்டத்தை இறக்கினேன், சிங்கத்தின் முகம் நேராக இருக்கிறதா என்று விமானத்தைக் கை நீள தூரத்தில் பிடித்துப் பார்த்தோம். கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தூரிகை நுனியால் நகர்த்தினேன். பிறகு ஈரமான பஞ்சுக்குச்சியை நடுவிலிருந்து விளிம்புக்கு உருட்டினேன், தேய்க்கவில்லை. அடியிலிருந்து தண்ணீர் முத்து முத்தாக வெளியே வந்தது. பத்து நிமிடம் கழித்து சால். இரண்டு நிமிடத்தில் வட்டம் முழுக்கச் சுருங்கி, தோல் காய்ந்த முந்திரிப்பழம் மாதிரி ஆகிவிட்டது. "அப்பா, கெட்டுப் போச்சு!" என்று அவள் கையை நீட்டினாள். அந்தக் கையைத்தான் தடுக்க வேண்டும். சால் பட்ட டீக்கால் அந்த நேரத்தில் ஈரக் காகிதத்தைவிட மென்மையானது, விரல் பட்டால் கிழியும். அரை மணி நேரம் விட்டுவிட்டோம். திரும்பி வந்தபோது சுருக்கம் எல்லாம் தானாக இழுத்துக்கொண்டு, பேனல் கோடு சிங்கத்தின் நெற்றி வழியே பெயிண்டில் ஓடுவது போல ஓடியது. இன்னும் படியாத இடம் இருந்தால், புது பிளேடின் நுனியால் கோட்டின் வழியே மெல்லக் கீறி, மறுபடி ஒரு துளி சால் விட வேண்டும்.

வட்டம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சிங்கத்தலைச் சின்னம் நம் விமானப்படைக்கு 1990இல்தான் வந்தது. அதற்கு முன் 1973 முதல் இருந்தது சிவப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று வளைத்த வட்டம். சில டீக்கால் தாள்களில் இரண்டுமே இருக்கும். எந்த ஆண்டின் விமானத்தைச் செய்கிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத் தாளில் கத்தரியை வையுங்கள். பழைய அமெரிக்க ஏ-4 விமானங்களை வாங்கிச் சீரமைத்து, 1980களில் ஜெனரல் எலெக்ட்ரிக் எஃப்404 இயந்திரத்தை இங்கேயே பொருத்தி உருவாக்கியது இந்த சூப்பர் ஸ்கைஹாக். நம் ஊர்க் கைகள் வேலை பார்த்த விமானம் அது. அதற்குத் தவறான ஆண்டின் சின்னத்தை ஒட்டினால் எனக்கு மனசு கேட்காது.

டீக்கால் எல்லாம் ஒட்டி ஓரிரவு காய்ந்த பின், சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் விமானம் முழுவதையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். வெளியே வழிந்த கோந்தும் சொல்யூஷன் காய்ந்த வட்டங்களும் அப்போதே போக வேண்டும். அப்படியே மூடிவிட்டால் சில மாதங்களில் பழுப்புக் கறையாகத் தெரியும், பிறகு எடுக்கவே முடியாது. அதன் மேல் மெலிதாக இன்னொரு பளபளப்புக் கிளியர். இது டீக்காலின் விளிம்பை மறைப்பதற்கும், பேனல் கோடுகளில் அழுக்கு நிறம் விடும்போது டீக்காலைக் காப்பதற்கும்.

இனி உங்கள் பால் பூத்த கதை. குளிர்சாதனம் போட்ட ரயிலிலிருந்து இறங்கி வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான். லாக்கர் கிளியரில் இருக்கும் தின்னர் மிக வேகமாக ஆவியாகிறது. ஆவியாகும் எதுவும் கூடவே சூட்டை எடுத்துச் செல்லும். கையில் சானிடைசர் தடவினால் சில்லென்று இருப்பது போல. அந்த ஒரு நிமிடத்தில் பெயிண்டின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது உடனே பனியாக இறங்கி, இன்னும் காயாத கிளியருக்குள் நுண்துளிகளாக மாட்டிக்கொள்கிறது. அந்தத் துளிகளும் அவை விட்டுப்போகும் ஓட்டைகளும்தான் வெண்மை.

சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு 60 விழுக்காட்டளவுக்கு இறங்கும். மழை பெய்யும்போது 100ஐ எட்டும். நம்மில் பலரும் வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கியபின் இரவு பத்து மணிக்குத்தான் ஏர்பிரஷை எடுக்கிறோம். கிளியருக்கு அது மிக மோசமான நேரம். என் ஹாக்கர் ஹண்டர் ஒன்று டிசம்பர் மழையில் அப்படித்தான் போனது. நான்கு மாத வேலை. அடித்து முடித்து ஐந்து நிமிடத்தில் கருஞ்சாம்பல் பகுதியெல்லாம் தயிர் தெளித்தது போல வெளுத்தது. கேனைக் குறை சொல்ல முடியாது. சன்னலுக்கு வெளியே கொட்டும் மழையைப் பார்த்துக்கொண்டே அதை அடித்தவன் நான். அன்றிலிருந்து பத்து வெள்ளிக்கு வாங்கிய டிஜிட்டல் ஈரமானி ஒன்று என் மேசையில் இருக்கிறது. அது 70க்கு மேல் காட்டினால் லாக்கர் கிளியரைத் தொடுவதில்லை.

ஏர்கான் போட்டால் ஈரம் குறையுமே என்பீர்கள். குறையும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. நம் வெளிக்காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். 22 டிகிரி அறையில் இரவெல்லாம் இருந்த விமானத்தை எடுத்து வந்து சமையலறைச் சன்னலருகே உடனே அடித்தால், நீங்கள் அடிப்பதற்கு முன்பே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். நானறிந்தவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். விமானத்தை அடிக்கப்போகும் இடத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்து, மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடி வையுங்கள். இன்னொன்று: கேனை வெந்நீரில் வைத்துச் சூடாக்கச் சொல்லும் அறிவுரை குளிர்நாட்டுக்காரர்களுக்கானது. 31 டிகிரியில் நம் கேன் ஏற்கெனவே போதிய சூட்டோடுதான் இருக்கிறது. கேனை 40 டிகிரிக்கு மேல் சூடாக்குவது ஆபத்தும்கூட.

ஏர்பிரஷ் இருப்பவர்கள் லெவலிங் தின்னர் கலந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதில் ரிட்டார்டர் இருப்பதால் மெதுவாக ஆவியாகும், பரப்பு அவ்வளவு குளிராது. கேனில் அடிப்பவர்கள் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி நின்று, விமானத்தைத் தாண்டி அடிக்கத் தொடங்கி விமானத்தைத் தாண்டி முடிக்க வேண்டும். டீக்காலின் மேல் முதல் இரண்டு சுற்றும் தூறலாகவே இருக்கட்டும். டாமியா டிஎஸ்-13 மாதிரியான லாக்கரை முதல் சுற்றிலேயே ஈரமாக அடித்தால் டீக்கால் சுருங்கிப்போகும். இந்தச் சுருக்கம் மைக்ரோ சால் சுருக்கம் மாதிரி திரும்பி வராது.

வெளுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேட் கிளியரில் மேட் ஆக்குவது அதிலிருக்கும் நுண்ணிய தூள். கேனைச் சரியாகக் குலுக்காவிட்டால், அல்லது கனமாக அடித்தால், அந்தத் தூள் குவிந்து உறைபனி மாதிரி வெண்மையாகும். மழையில்லாத நாளிலும் இது வரும். பெரும்பாலும் பள்ளங்களிலும் இறக்கை உடம்போடு சேரும் மூலையிலும்தான் தெரியும். ஈரத்தால் வந்த வெளுப்பு ஈரமாக அடித்த இடமெல்லாம் பரவலாக இருக்கும். உங்களுடையது மழை இரவு, விமானம் முழுக்க என்பதால் ஈரம்தான் என்று சொல்கிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பொது நடைபாதையில் நின்று கேன் அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அந்த வாடை இரவெல்லாம் இருக்கும். வீட்டுக் காப்பறைக்குள் கதவை மூடிக்கொண்டு அடிப்பது அதைவிட மோசம். சன்னலோரம் உறிஞ்சு விசிறி உள்ள பெட்டி வைத்து, குழாயை வெளியே விட்டு, அடுப்பை அணைத்துவிட்டு அடியுங்கள். முகத்துக்கு அறுவைச் சிகிச்சை முகமூடி போதாது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். இதில் காசு பார்க்க வேண்டாம்.

பயணிகள் விமானம் செய்பவர்களுக்கு இந்தக் கடைசி மேட் படியே கிடையாது, ஆனால் நீளமான கோடுகள் உண்டு. லண்டன்-பஹ்ரைன்-சிங்கப்பூர் பாதையில் பறந்த ஜி-பிஓஏடி கான்கார்டின் இடப்பக்கத்தில் மட்டும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறம் இருந்தது. வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ். 1977 டிசம்பரில் தொடங்கிய சேவையை, ஒலிவெடிப்புச் சத்தத்துக்கு மலேசியா எதிர்ப்புத் தெரிவித்ததால் மூன்றே பயணத்தில் நிறுத்தினார்கள். 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கி 1980 நவம்பர் வரை ஓட்டினார்கள். 1/144 அளவில் அந்த விமானமே கிட்டத்தட்ட 43 சென்டிமீட்டர். அதன் நீல, மஞ்சள் கோட்டை ஒரே நீளமாக இறக்க முயலாதீர்கள், பாம்பு போல நெளியும். கதவுகளின் ஓரத்தில் மூன்று துண்டாக வெட்டி, தாராளமாகத் தண்ணீர் விட்டு, மேலே ஒட்டிய மாஸ்கிங் டேப்பின் விளிம்பை வழிகாட்டியாக வைத்து இறக்கினால் வெட்டிய இடம் தெரியவே தெரியாது.

சரி, உங்கள் ஸ்கைஹாக். முதலில் ஒரு வாரம் உலர்பெட்டியிலோ சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவிலோ வையுங்கள். பிறகு மழையில்லாத பிற்பகலில், ஈரமானி 65க்குக் கீழ் காட்டும்போது, ஏர்பிரஷில் வெறும் லெவலிங் தின்னரை மட்டும் ஊற்றி, தள்ளி நின்று மிக மெல்லிய தூறலாக அடியுங்கள். கிளியர் மேலாக இளகி, அடைபட்ட ஈரம் வெளியேறி, வெண்மை கண்ணெதிரே கரையும். கண்ணுக்குத் தெரியாத வயிற்றுப் பகுதியில் முதலில் செய்து பாருங்கள். டீக்கால் இருக்கும் இடங்களில் ஒரே தூறல், உடனே நிறுத்திவிட வேண்டும். ஏர்பிரஷ் இல்லையென்றால் அதே நிறுவனத்தின் பளபளப்புக் கிளியர் கேனை மெலிதாக இரண்டு முறை அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் வெண்மை அடங்கிவிடும். தூளால் வந்த வெளுப்பும் இதே வழியில் போகும்.

வெண்மை போன பிறகு வெள்ளியைப் பாருங்கள். மெல்லிய ஊசியால் வெள்ளியடித்த இடத்தில் நெருக்கமாகக் குத்துங்கள், கிளியரையும் டீக்காலையும் தாண்டி ஊசி போக வேண்டும். மைக்ரோ சாலைத் தூரிகையால் அதன் மேல் விட்டால் ஓட்டை வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் மறுபடி. மூன்று இரவு செய்தால் சின்ன எழுத்துகள் பெரும்பாலும் படிந்துவிடும். அப்படியும் மின்னுகிற விளிம்பு இருந்தால், முதலில் அடித்த அதே சாம்பல் நிறத்தை மெல்லிய தூரிகையால் எழுத்தைச் சுற்றியுள்ள படலத்தின் மேல் மட்டும் தொட்டு மறைத்துவிடுங்கள். பெரிய வட்டம் அடங்காவிட்டால் 1500ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அதை மட்டும் தேய்த்தெடுத்து, அந்த இடத்துக்குப் பளபளப்புக் கிளியர் கொடுத்து, புதிய வட்டம் ஒட்டலாம்.

எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து மேட் கிளியர், தூறலாக மூன்று சுற்று. பாய லேபாரில் விமானப்படை அரும்பொருளகத்துக்கு முன்பு போயிருந்தபோது அங்கே நின்ற பழைய விமானங்களை நான் பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்திருக்கிறேன். உண்மை விமானத்தில் சின்னமும் எழுத்தும் பெயிண்ட்தான், அதனால் சுற்றியுள்ள தகட்டுக்கும் அவற்றுக்கும் ஒரே மினுக்கம். உங்கள் மாடலைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிங்கம் தனியாக மின்னாமல் உடம்போடு சேர்ந்து மங்கினால் மேட் போதும், கேனைக் கீழே வைத்துவிடுங்கள்.